மூன்று மொழியிலும் ஓம்

எனக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. இருபத்தாறு வயதுவரை இதை ஒரு நற்குணம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது எதையாவது கேட்டால், என்னிடம் அனுமதி கேட்காமலே என் தலை ஆடிவிடும். கல்யாண வீட்டில் “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?” என்றால் ஆடும். பஸ்ஸில் யாரோ ஒரு அம்மா “இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் மடியில வச்சிருங்கோ” என்றால் ஆடும். (அந்தப் பிள்ளை தெகிவளையிலிருந்து மருதானைவரை என் மடியிலேயே இருந்தது. அம்மா யன்னலோரத்தில் நல்ல நித்திரை.) இப்படிப்பட்ட தலையை வைத்துக்கொண்டு எத்தனையோ வேலைக்குப் போயிருக்கலாம். நான் போனது ஆற்றின் கதவைத் திறந்து மூடும் வேலைக்கு.

களனி கங்கையின் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற கந்தோர் ஒன்று வத்தளைப் பக்கம் இருந்தது. அதில் நான் பயிலுநர் இஞ்சினியர். பெயர் தர்ஷினி, வீடு வெள்ளவத்தை. அங்கே மூன்று வேலைகள் நடந்தன. ஆற்றில் மறுபடியும் பயணிகள் படகு ஓடவேண்டும். கரையில் அழிந்துபோன கண்டல் காடு மறுபடியும் வளரவேண்டும். சனங்கள் வந்து நடக்க, உட்கார, காற்று வாங்க இடம் வேண்டும். மூன்று வேலைக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்பதை மட்டும் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன்.

என் பொறுப்பில் இருந்தது ஆற்றின் ஒரு சிறிய கிளை. வத்தளையில் பிரிந்து, அரை வட்டமடித்து, கடலுக்குக் கிட்ட மறுபடியும் ஆற்றோடு சேர்ந்துவிடும். மேல் கதவைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். கீழ்க் கதவைத் திறந்தால் கடல் பக்கம் வடியும். நடுவில் ஒரு கல்தூண், அதில் நான்கு சிவப்புக் கோடுகள். தண்ணீர் நான்காம் கோட்டுக்கு வந்தால் படகு ஓடும். இரண்டாம் கோட்டுக்கு இறங்கினால் சேறு வெளியே தெரியும், கண்டல் நடலாம். மூன்றில் நின்றால் பார்க்கவும் அழகு, கரையிலுள்ள கீழ்ப் படிகளும் காய்ந்திருக்கும். இவ்வளவுதான் விஷயம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்.

அம்மாவுக்கு இது வேறு மாதிரி விளங்கியிருந்தது. எங்கள் பிளாட் லிஃப்டில் யார் ஏறினாலும், அவர்கள் மாடி வருவதற்குள் அம்மா சொல்லி முடித்துவிடுவா.

“என்ர மகள்தான் இப்ப களனி கங்கையை வச்சிருக்கிறா.”

ஏதோ அலுமாரியில் பூட்டி வைத்திருப்பது போல. வெள்ளம் வந்த ஒரு கிழமை முழுக்க, மூன்றாம் மாடி மாஸ்டர் என்னைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய தங்கச்சி வீடு களனிப் பக்கம்.

எனக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. முக்கியமாக மொழிப் பெருமை. சிங்களத்தில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவள், ஆங்கிலத்தில் பட்டம் படித்தவள், தமிழில் பிறந்தவள். அந்தக் கந்தோரில் மூன்று மொழியிலும் கதைத்து, எழுதி, கோபப்படக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். (கோபப்படுவது மட்டும் இன்னும் பழகவில்லை.) ஆகவே வந்த முதல் மாதமே ஒரு சீர்திருத்தம் செய்தேன். கதவுக்கான உத்தரவுத் துண்டை, தண்ணீர் கேட்டவர்களின் மொழியிலேயே எழுதுவேன். அவர்களே வாசித்துச் சரிபார்த்த பிறகு, துண்டு மேல் கதவுக் குடிசையில் உள்ள கம்பியில் குத்தப்படும். பெரிய சேரே இதைப் பாராட்டினார். பெரிய சேர் என்றால் எங்கள் தலைமை இஞ்சினியர். அதிகம் பேசாத மனிதர், எந்நேரமும் மினுங்குகிற சப்பாத்து. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதா, அல்லது மருதானையில் உள்ள கிளைக் கந்தோருக்கு அனுப்பிப் பழைய வரைபடங்களுக்குத் தூசு தட்ட விடுவதா என்று முடிவெடுக்கவேண்டியவரும் அவர்தான்.

நான் மாட்டிக்கொண்ட அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய கிழமை, முதலில் வந்தவர் குணபால அய்யே (சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன்). படகுப் பகுதியின் மூத்த ஓட்டி. சனிக்கிழமை எட்டு மணிக்குப் புதுப் படகு வெள்ளோட்டம், பெரிய சேரே ஏறுகிறார், நல்ல நேரம் பார்த்தாயிற்று, நான்காம் கோடு வேண்டும் என்றார் சிங்களத்தில். “ஓவ்” என்றேன். சிங்களத்தில் துண்டு எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் ஷரோன் வந்தார். கண்டல் பகுதியின் தலைவி. ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை றப்பர் பூட்ஸ். வீட்டில் பூனையோடும் ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்று கேள்வி. விதையிலிருந்து எட்டு மாதமாக அவர் வளர்த்த கன்றுகள் தயார், சனிக்கிழமை எட்டு மணிக்கு முப்பது பேர் நட வருகிறார்கள், இரண்டாம் கோடு வேண்டும் என்றார். “யெஸ், யெஸ்” என்றேன். ஆங்கிலத்தில் துண்டு.

அன்று மத்தியானம் லூர்து அன்ரி. கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைக்குக் குடிவந்தவர், கரையோர நடைச் சங்கத்தின் தலைவி, அம்மாவின் பள்ளிக்கூடச் சிநேகிதி.

“பிள்ளை, சனிக்கிழமை எட்டு மணிக்கு சங்கத்துக்கு ஒரு வருசம் முடியுது. கீழ்ப் படியில பாய் போட்டு எல்லாரும் இருந்து சாப்பிடப் போறம். தண்ணி மூண்டில நிக்கணும், என்ன?”

“ஓம் அன்ரி, ஓம்.” தமிழில் துண்டு.

இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம், உனக்கு மூளை இல்லையா என்று. இருந்தது. மூன்று இருந்தது. சிங்களத்தில் சொன்ன வாக்கு சிங்கள மூளையில், ஆங்கிலத்தில் சொன்னது ஆங்கில மூளையில், தமிழில் சொன்னது தமிழ் மூளையில். மூன்றும் ஒரே பெட்டியில் பயணம் செய்தும் ஒன்றோடொன்று அறிமுகமாகவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, எல்லோரையும் திருப்திப்படுத்திய ஒருத்தியின் நித்திரையை நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை, பெரிய சேர் வருகிறார் என்று மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு போனேன். துறையில் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, பாற்சோறு வெட்டியாயிற்று. தண்ணீர் நான்காம் கோட்டில் பளபளத்தது. பெரிய சேரும் கந்தோர்க்காரர் மூன்று பேரும் ஏற, குணபால அய்யே நல்ல நேரம் தவறாமல் படகை எடுத்தார். நான் கை தட்டினேன். தட்டிய கை இறங்குவதற்குள் பின்னால் ஒரு குரல்.

“என்னுடைய சேறு எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் மிஸ் ஷரோன். அவருக்குப் பின்னால் முப்பது பேர், அறுபது பூட்ஸ், கூடை கூடையாகக் கன்றுகள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபக்கம் இன்னொரு குரல்.

“பிள்ளை, படி எங்க?”

லூர்து அன்ரி. தலையில் தொப்பி, கையில் சுருட்டிய பாய், பின்னால் பற்றிஸ் தட்டும் தேத்தண்ணிப் போத்தலுமாக நடைச் சங்கம். கீழ்ப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன.

அந்தக் கணத்தில்தான் என் மூன்று மூளையும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பு இனிமையாக இருக்கவில்லை.

“ரெண்டு நிமிசம்” என்று இருவரிடமும் சொல்லிவிட்டு மேல் கதவுக்கு ஓடினேன். (அப்போதும் ‘இல்லை’ வரவில்லை, கவனிக்கவும்.) சேலையோடு ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், இனிச் சிரிக்கமாட்டேன். ஓடிக்கொண்டே கதவுக்காரர் பந்துல அய்யேக்கு ஃபோன் எடுத்தேன். மணி அடிப்பது குடிசைக்குள்ளிருந்து எனக்கே கேட்டது. பந்துல அய்யே வேலை நேரத்தில் சேர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ஃபோன் சேர்ட் பையில். பக்கத்திலேயே கம்பி, கம்பியில் மூன்று துண்டுகள். மூன்றையும் நான் ஒன்றாகப் பார்த்தது அப்போதுதான். ஒரே சனிக்கிழமை, ஒரே எட்டு மணி, நான்கு, இரண்டு, மூன்று. மூன்று மொழியிலும் என் கையெழுத்து வடிவாக இருந்தது.

முதல் துண்டில் பந்துல அய்யே பென்சிலால் சரி போட்டிருந்தார். அவரையும் காணவில்லை, அவருடைய சைக்கிளையும் காணவில்லை.

கீழ்க் கதவுக்கு ஓடினேன். வழியில் ஒரு செருப்பு அறுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சக்கரத்தைச் சுற்றி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கடல் பக்கம் சந்தோஷமாக இரைந்து போய்க்கொண்டிருந்தது.

“அய்யே! என்ன செய்தீங்கள்?”

“இரண்டாவது துண்டு மிஸ்” என்றார் சிங்களத்தில், பெருமையோடு. “எல்லாத்தையும் எட்டு மணிக்கே செய்ய ஏலாதே. அதனால் வந்த வரிசையில் செய்கிறேன். முதலில் நான்கு, இப்போது இரண்டு, பிறகு மூன்று.”

“மூன்றும் ஒன்றுக்கொன்று சரிவராது என்று தெரியவில்லையா?”

“தெரிந்தது. ஆனால் மிஸ் படித்தவர். ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.”

என்னைப்பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனிதரை நான் என்ன சொல்லித் திட்டுவது? கதவை மூடச் சொன்னேன். அவர் சுற்றினார், நானும் சேர்ந்து சுற்றினேன். துருப்பிடித்த கதவு, ஆடி அசைந்து மூடி முடிந்தபோது தண்ணீர் இரண்டாம் கோட்டுக்கு இறங்கிவிட்டது. மூடியதும் மூடாததும் ஒன்றுதான்.

கரையால் திரும்பி நடந்தேன். வளைவைத் தாண்டியதும் தெரிந்த காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. கிளையின் நடுவில், கறுத்த சேற்றில், பூமாலை போட்ட புதுப் படகு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மேலே பெரிய சேர் நேராக நின்றுகொண்டிருந்தார், திறப்பு விழாவுக்கு முன்பே துணி எடுத்துவிட்ட சிலை மாதிரி. படகைச் சுற்றி, முன்னும் பின்னும், இடமும் வலமும், முப்பது பேர் குனிந்து கண்டல் நட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஷரோன் கிடைத்த சேற்றை விடுகிற ஆள் அல்ல. தன்னுடைய இடத்தில் யாரோ ஒரு படகை நிறுத்தியிருக்கிறார்கள், அதற்காக வேலையை நிறுத்தமுடியுமா? படகின் விளிம்பிலிருந்து ஒரு முழம் விட்டு, கயிறு பிடித்து, வரிசை வரிசையாக நட்டுக்கொண்டே போனார்.

நடைச் சங்கத்துக்கு அதிலும் சந்தோஷம். கீழ்ப் படி மட்டுமல்ல, இதுவரை யாரும் கண்டிராத அதற்கும் கீழேயுள்ள இரண்டு படிகளும் வெளிவந்திருந்தன. பாயை விரித்து, பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் படகைப் பார்த்தபடி வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். லூர்து அன்ரி ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தார். ஃபோனில் வீடியோவில் இருந்தது என் அம்மா.

என்னைக் கண்டதும் குணபால அய்யே படகிலிருந்து கத்தினார். “மிஸ்! தண்ணீர் எங்கே?”

அன்று காலையில் நான் பதில் சொல்லாத மூன்றாவது ‘எங்கே’ அது.

பெரிய சேர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், தெளிவாகச் சொன்னார்: “தண்ணீரை நான்குக்கு ஏற்றுங்கள்.”

பக்கத்தில் சைக்கிளோடு வந்து நின்ற பந்துல அய்யே, “அரை மணித்தியாலம் போதும் மிஸ், ஏற்றவா?” என்றார்.

என் தலை ஆடத் தொடங்கிவிட்டது. நிரந்தர வேலை அந்தப் படகின் மேல் மினுங்குகிற சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஆடாமல் என்ன செய்யும்? ஆனால் கண் கீழே போனது. அப்போதுதான் ஊன்றிய கன்றுகள். சேறு இறுக இரண்டு நாள் ஆகும். அதற்குள் தண்ணீர் ஏறினால் எல்லாம் கழன்று மிதந்து கடலுக்குப் போய்விடும். அந்த எட்டு மாதத்தில் பல காலைகள் மிஸ் ஷரோனோடு சேர்ந்து நானும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அவர் இடுப்பில் கை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பூட்ஸ் போட்ட மனுஷி கொஞ்சம் பயந்துபோயிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆடிய தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். (பொய்யில்லை. வீடியோ இருக்கிறது.)

“பே, சேர்” என்றேன்.

முடியாது என்று அர்த்தம். என் வாழ்க்கையின் முதல் மறுப்பு, பிறந்த மொழியிலும் வரவில்லை, படித்த மொழியிலும் வரவில்லை. பரீட்சைக்காகப் பாடமாக்கிய மொழியில் வந்தது. வந்த பிறகு நிற்கவும் இல்லை. இன்றைக்கும் முடியாது, நாளைக்கும் முடியாது, தண்ணீர் திங்கட்கிழமைதான் ஏறும், பிழை முழுவதும் என்னுடையது, மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்தது நான், தயவுசெய்து சேர் இறங்கி நடந்து வரவேண்டும், நடக்கும்போது கன்றை மிதிக்கக்கூடாது என்று சொல்லி முடித்தேன். கடைசி வசனம் தேவையில்லைதான்.

பெரிய சேர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, சேற்றைப் பற்றி அவருக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. இறங்கினார். மிஸ் ஷரோன் முன்னால் நடந்து, “இங்கே வையுங்கள், அங்கே வைக்காதீர்கள்” என்று ஒவ்வொரு அடிக்கும் உத்தரவு கொடுத்தார். மூன்றாம் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் நடுவில் இடது சப்பாத்து சேற்றோடு போனது. சேறு அதைத் திருப்பித் தரவில்லை, இன்றுவரை.

அவர் படியேறியதும் லூர்து அன்ரி தன் பாயைத் தட்டிக்கொடுத்து இருக்கச் சொன்னார். கையில் தேத்தண்ணி, தட்டில் பற்றிஸ். ஃபோனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கரை முழுக்கக் கேட்டது.

“பாத்தியே லூர்து? என்ர மகள் இறங்குங்கோ எண்டவுடன மனுசன் இறங்கீட்டார்!”

அந்த இடத்திலேயே சேற்றில் இறங்கிச் சப்பாத்துக்குப் பக்கத்தில் புதைந்துபோகலாம் போல் இருந்தது. பெரிய சேருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல். அவர் இரண்டாவது பற்றிஸை முடித்துவிட்டு, தன் வெறும் காலைப் பார்த்தார், பிறகு கன்றுகளைப் பார்த்தார்.

“எத்தனை நாள் நிற்கவேண்டும் என்றீர்கள்?”

“இரண்டு நாள் சேர்.”

“அப்படியானால் படகும் நிற்கட்டும்.”

நின்றது. குணபால அய்யே இரண்டு நாளும் காலையிலிருந்து பின்னேரம்வரை சேற்றின் நடுவில், படகில், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி சோற்றுப் பார்சலோடு கன்றுகளுக்கு நடுவில் நடந்து போனபோது, கரையில் வேடிக்கை பார்க்க நூறு பேராவது இருந்திருப்பார்கள். என்னோடு அவர் கதைக்கவில்லை. திங்கட்கிழமை பந்துல அய்யே தண்ணீரை ஒரு விரல், ஒரு விரலாக ஏற்றினார். படகு இருந்த இடத்திலேயே நேராக மேலே எழுந்தது. நடாமல் விட்டிருந்த ஓர் ஒடுங்கிய வழியால், கன்று ஒன்றில்கூட முட்டாமல் அதைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே எடுத்தார்கள். பிறகு மிஸ் ஷரோன் அந்த வழியிலும் கன்று நட்டுவிட்டார். குணபால அய்யே என்னைப் பார்த்து, “ஹரி மிஸ்” என்றார், சரி என்று. அவ்வளவுதான், சமாதானம்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. மருதானைக்குப் போகிற கடிதம் என்று நினைத்து, மேசையிலிருந்த சாமான்களைப் பையில் போட்டுவிட்டுத்தான் பிரித்தேன். என்னை நிரந்தரமாக்கியிருந்தார்கள். கூடவே ஒரு கட்டளை: துண்டுகளும் கம்பியும் இனி வேண்டாம். கதவடியில் ஒரே பலகை. அதில் அந்தக் கிழமைக்கான தண்ணீர், மூன்று மொழியிலும் பக்கத்துப் பக்கத்தில். எழுதுவதற்கு முன் படகும் கண்டலும் நடையும் ஒரு மேசையில் இருந்து பேசவேண்டும். முடிவு சொல்லவேண்டியது நான். அந்த மேசையில் இதுவரை எத்தனையோ முறை மூன்று மொழியிலும் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். வெளியே சொன்னால் கர்வம் என்பார்கள். இருக்கட்டும், அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

கண்டல்கள் இப்போது என் தலைக்கு மேல் நிற்கின்றன. நண்டு வந்தது, கொக்கு வந்தது, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய உடும்பு மாதிரி, கபரகொய்யாவும் வந்துவிட்டது. ஆனால் கரையில் நடக்கிற எல்லோரும் நின்று பார்ப்பது இவற்றை அல்ல. அந்தக் காட்டின் நடுவில், கூர்மையான முன்பக்கமும் தட்டையான பின்பக்கமுமாக, அச்சில் வார்த்த மாதிரி ஒரு படகு வடிவத்தில் வெறும் தண்ணீர் கிடக்கிறது. குணபால அய்யே ஞாயிற்றுக்கிழமைகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, அந்த இடத்துக்குக் கிட்ட இஞ்சினை நிறுத்தி, முழுக் கதையையும் சொல்கிறார். (அவருடைய கதையில் நான் அழுதேனாம். அழவில்லை.) அந்த இடத்துக்கு நடைச் சங்கம் வைத்த பெயர் தர்ஷினி துறை. பெரிய சேர் ஓய்வு பெறுவதற்கு முன் கையெழுத்திட்ட புது வரைபடத்தில், சின்ன எழுத்தில், அந்தப் பெயரும் ஏறிவிட்டது.

வீட்டில் இன்றும் நான் யாருக்காவது அவசரப்பட்டு ஓம் சொன்னால், என் கணவர் தொடங்கி கனடாவிலிருக்கிற சித்தப்பாவரை ஒரே கேள்விதான்: “சேறு எங்க?” அதற்கு நான் பழகிவிட்டேன். பழகமுடியாதது அம்மாவின் பேச்சுக்குத்தான். போன கிழமை லிஃப்டில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் ஏறியது. தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்கிறாராம். அம்மா நாலாம் மாடிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தா. கதவு திறந்தபோது அவருடைய தோளில் மெதுவாகத் தட்டினா.

“அப்பிடியே தம்பி? நல்லது. கொழும்பில மற்றத் துறை என்ர மகளின்ர.”